கழுத்துக்குக் கீழேயும் ஒரு மனிதர்

என் வீட்டுக்காரர் இரவில் தூங்காமல் போனதற்கு எங்கள் சொந்தபந்தம் மொத்தமும் சேர்ந்து ஒரு அழகான கதை செய்து வைத்திருந்தது. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வேலை பார்த்த காலத்தில் பாதிக்கு மேல் இரவு ஷிப்டுதான். ஓய்வு பெற்றுப் பல வருஷம் கழித்து மறதி நோய் வந்தது. அதனால் அவர் மனசுக்குள் இன்னும் இரவு ஷிப்டு ஓடிக்கொண்டிருக்கிறது, ஊர் அடங்கியதும் எழுந்து வேலைக்குக் கிளம்பிவிடுகிறார் என்பதுதான் கதை. ஆரம்பித்து வைத்தவள் என் நாத்தனார். "எங்கண்ணன் உடம்புல ஓடறது ரத்தம் இல்ல அண்ணி, உழைப்பு" என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் சீரியல் பார்த்தாலும் அப்படித்தான் துடைத்துக்கொள்வாள்.

நாங்கள் இருப்பது திருவொற்றியூரில், கடற்கரைச் சாலைக்கு உள்ளே தள்ளிய ஒரு அடுக்குக் குடியிருப்பில். நான் மாநகராட்சிப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளை ஒருவன்தான். மாதவரத்தில் பார்சல் லாரி ஆபீசில் வேலை, அங்கேயே குடித்தனம். ஆகவே வீட்டில் நானும் அவரும் மட்டும். கதை சொன்னவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கினார்கள்.

மறதி என்பது முதலில் சின்னச் சின்னதாகத்தான் வந்தது. கடைக்குப் போனால் எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பி வந்தார். பிறகு திரும்பி வருவதும் தகராறானது. தண்டையார்பேட்டையில் ஒரு டீக்கடைக்காரர் அடையாளம் கண்டு ஆட்டோவில் ஏற்றி அனுப்பி வைத்த அன்றுதான் மூளை டாக்டரிடம் அழைத்துப் போனோம். தனியார் ஆஸ்பத்திரி. குளிரூட்டிய அறை, சுவரில் பெரிய மூளைப் படம். டாக்டர் ஸ்கேனை விளக்கின் மேல் மாட்டிப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

இதற்கு முன்பே அவருக்கு சர்க்கரை இருந்தது, ரத்தக்கொதிப்பு இருந்தது. சர்க்கரைக்கு ஒரு டாக்டர், கொதிப்புக்கு இன்னொருவர், இப்போது மூளைக்கு ஒருவர். ஆட்டிறைச்சிக் கடையில் தொடை ஒருவருக்கு, ஈரல் ஒருவருக்கு என்று பிரித்துக் கொடுப்பதுபோல் அவரை ஆளுக்கொரு பங்காக எடுத்துக்கொண்டார்கள். முழு ஆள் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அது என்னிடம் இருந்தது.

தூக்கம் கெட்டது அதற்கடுத்த வருஷம். படுப்பார், கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்காருவார். லுங்கி முடிச்சை அவிழ்ப்பார், கட்டுவார். வாசற்கதவின் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்ப்பார். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடப்பார். பிடித்துக் கொண்டுவந்து படுக்க வைத்தால் மறுபடி எழுவார். "இன்னா ஆச்சு, எங்கனா வலிக்குதா" என்று கேட்பேன். அவரிடமிருந்து பாதிச் சொற்கள் அதற்குள் போய்விட்டிருந்தன. வலி என்ற சொல்லும் போன கூட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"அடைச்சிக்கினு கீதுமே."

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்று ரோடு அடைத்துக்கொள்வது எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். கிரேன் ஓட்டிய ஆள் அடைத்துக்கொண்டிருக்கிறது என்றால் வேறு எதைச் சொல்வார்? நாத்தனார் கைகொட்டிச் சிரித்தாள். "ஹார்பர் கேட்டாண்ட டிராபிக்காம் அண்ணி. அத்த கிளியர் பண்ணாம தூங்க மாட்டாராம்."

பிள்ளை ஒரு சனிக்கிழமை வந்து ஒரே ஒரு இரவு தங்கினான். நான் கொஞ்சம் கண்ணை மூடட்டும் என்று வந்தவன். அப்பா எழுந்து நடந்ததும் அவரைப் பிடிக்கவில்லை, போனைத்தான் எடுத்துப் பிடித்தான். அடைச்சிக்கினு கீது என்று அவர் சொல்வதைப் படம் எடுத்து, 'ஓய்வே அறியாத என் நைனா' என்று எழுதி, குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டான். அழும் பொம்மைகளும் சிவப்பு இதயங்களும் கும்பிடும் கைகளுமாக வந்து குவிந்தன. துபாயில் இருக்கும் ஒரு சொந்தக்காரர், ஜென்மத்தில் எங்கள் வீட்டுப் படி ஏறாதவர், 'தொழிலாளர் குலத்தின் மாணிக்கம்' என்று எழுதினார். அந்தப் படத்தில் மாணிக்கம் ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது தெளிவாகத் தெரியும். ஊரே பார்த்தது, ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

நான் பார்த்தேன். மூளை டாக்டரிடம் சொல்லவும் சொன்னேன்.

"வயித்த புடிச்சிக்கிறாரு சார். ராத்திரி முழுக்க நிம்மதியே இல்ல."

அவர் விசைப்பலகையில் தட்டிக்கொண்டே, "இந்த நோயில தூக்கம் தலைகீழா மாறிடும்மா. சாயந்திரம் ஆனா குழப்பம் அதிகமாகும். ஏத்துக்கணும்" என்றார்.

"லுங்கி எல்லாம் ஈரமாயிடுது."

"அதுவும் இதோட பார்ட்தான். டயாபர் போடுங்க."

அவருக்கு எல்லாமே அதன் பார்ட்தான். தலையில் நோய் என்று எழுதியாகிவிட்டால் கழுத்துக்குக் கீழே அந்த மனிதருக்கு ஒன்றும் கிடையாது. அங்கே வயிறு இல்லை, கால் இல்லை, பல் இல்லை. அவர் காலில் ஆணி குத்தியிருந்தாலும் அதுவும் பார்ட் என்றுதான் சொல்லியிருப்பார் என்று படி இறங்கும்போது நினைத்துக்கொண்டேன். போகும்போது அவர் எழுதிக் கொடுத்தது இரண்டு மாத்திரை, வரும்போது மூன்றானது.

இதற்கிடையில் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். ஜாதிக்காயைப் பாலில் இழைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்க்கச் சொன்னார்கள். மேல்மாடியில் இருக்கும் குடியிருப்போர் சங்கச் செயலாளர், பேங்கில் அதிகாரியாக இருந்தவர், ஒரு காலையில் கதவைத் தட்டி, கீழே நடக்கிற சத்தம் மேலே கேட்பதாகச் சொன்னார். கீழே நடக்கிற சத்தம் மேலே எப்படிக் கேட்கும் என்று கேட்டேன். அதை விட்டுவிட்டு, தூங்குவதற்கு முன்பு டி.வி. பார்க்கக் கூடாது, ஆழமாக மூச்சு விட வேண்டும், மனதில் ஒரு நீல நிற ஏரியை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று போனைப் பார்த்து வாசித்துக் காட்டினார். பெண்டாட்டி பெயர் நினைவில் இல்லாத மனிதர் நீல ஏரியை எங்கே போய் நினைப்பார்.

எல்லோரையும் மிஞ்சியவர் என் நாத்தனார் வீட்டுக்காரர். வண்ணாரப்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். அந்தத் தெருவில் பாதிப் பேர் அவரை டாக்டர் என்றே கூப்பிடுவார்கள், அவரும் திருத்த மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"தங்கச்சி, இது சளிக்கு, அரிப்புக்கு குடுக்கற சாதா மாத்திர. பச்சப்புள்ள கூட துன்னும். ராவுக்கு ஒண்ணு போட்டேன்னு வையி, மச்சான் காலீல வரிக்கும் எய்ந்துக்க மாட்டாரு."

"மூள டாக்டரு கைல கேக்க வேணாமாண்ணே?"

"அவரு எங்கிட்ட கேக்கணும்" என்றார். நாத்தனார் பெருமையோடு அவரைப் பார்த்தாள்.

தூக்கமில்லாமல் எனக்கே அப்போது சுவர் எது, கதவு எது என்று தெரியாத நிலை. கொடுத்தேன். முதல் நாள் அடித்துப் போட்டதுபோல் தூங்கினார். நாத்தனார் போனில் அதைப் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பாள். ஒரு வாரம் போவதற்குள் நிலைமை முன்பைவிட மோசமானது. வாய் உலர்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பகலெல்லாம் நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்தார். இருட்டினால் சுவரில் யாரோ நிற்பதாகக் கையை நீட்டினார். நடை நிற்கவில்லை, முன்பு நடந்தவர் இப்போது தள்ளாடி நடந்தார், அவ்வளவுதான். டயாபர் எப்போதும் ஈரம். அதனால் மூத்திரம் நன்றாகப் போகிறது என்றே நானும் நினைத்திருந்தேன்.

மருந்துக்கடைக்காரரிடம் சொன்னேன். "ரெண்டா குடு" என்றார்.

பிள்ளையிடம் சொன்னேன். "நோயி முத்திப்போச்சும்மா, இன்னா பண்றது" என்றான். மாதவரத்தில் உட்கார்ந்துகொண்டே அவனுக்கு அது தெரிந்திருந்தது.

இரண்டாகக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது. ஒரு காலையில் பல் தேய்க்க அழைத்துப் போகும்போது குளியலறை வாசலில் கால் மடங்கி விழுந்தார். நெற்றி கிழிந்து ரத்தம். அந்த நேரத்தில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, அவர்கள் இந்த எண்ணை அழுத்து அந்த எண்ணை அழுத்து என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஆட்டோ பிடித்து நேராக ராயபுரம் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன்.

அவசரப் பிரிவில் இருந்தவர் ஒரு பெண் டாக்டர். முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. காயத்தைத் துடைக்கும்போதே என்னைத் திட்ட ஆரம்பித்தார். தரை ஏன் ஈரமாக இருந்தது, ஏன் பிடித்துக்கொள்ளவில்லை. நெற்றியில் தையல் போட்டு முடித்தார். விழுந்ததில் வேறெங்காவது அடிபட்டிருக்கிறதா என்று பார்க்கத் தலையிலிருந்து கீழ்வரைக்கும் தொட்டுக்கொண்டே வந்தார். கழுத்து, தோள், விலா. அடிவயிற்றில் கை வைத்து அழுத்தியதும் என் வீட்டுக்காரர் அலறி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. லுங்கியை இறக்கிப் பார்த்தார். தொப்புளுக்குக் கீழே தர்பூசணிப் பழம் ஒன்றைக் கவிழ்த்து வைத்ததுபோல் மேடாக, கல்லாக இருந்தது.

"யூரின் எப்போலேர்ந்து சரியா போகல?"

"போவுதுங்களே. சொட்டிக்கினேதான் கீது, நிக்கறதே இல்ல."

"சொட்றதுதான்மா பிரச்சினை. தொட்டி ரொம்பி வழியற மாதிரி வழியுது. உள்ள இருக்கறது வெளிய வரவே இல்ல. இவர் இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லலையா?"

"அடைச்சிக்கினு கீதுன்னு சொல்லிகினே இருந்தாரு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு அவர் திட்டாமல் விட்டது அந்த ஒரு இடத்தில்தான்.

குழாய் போட்டார்கள். கட்டிலுக்குக் கீழே தொங்கிய பை நிரம்பியது, அவிழ்த்துக் கொட்டி மறுபடி மாட்டினார்கள், மறுபடி நிரம்பியது. அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிச்சு முடிச்சாக இருந்த நெற்றி இளகியது. தோள் இறங்கியது. "ஹப்பாடா" என்றார். அது அவர் பழைய குரல். பிறகு கண்ணை மூடித் தூங்கிப்போனார். பட்டப்பகல். பக்கத்துக் கட்டிலில் கை உடைந்த ஒருவர் கத்திக்கொண்டிருந்தார், ஸ்ட்ரெச்சர் சக்கரம் கிறீச்சிட்டது, வார்டு ஆயா ஓரமாக நிற்கச் சொல்லி எல்லோரையும் விரட்டினாள். அத்தனை சத்தத்துக்கு நடுவே நீல ஏரி எதுவும் இல்லாமல் அவர் குறட்டை விட்டார். எனக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம். யாரையாவது அறைய வேண்டும்போல் கை பரபரத்தது.

டாக்டர் மாத்திரைகளைக் கேட்டார். பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்துச் சளி மாத்திரை அட்டையைத் தனியே எடுத்து வைத்தார்.

"இத எழுதிக் குடுத்தது யாரு?"

"எழுதல. சொந்தக்காரரு, மருந்துக்கட வெச்சிருக்காரு."

"ஞாபக மறதி இருக்கற வயசானவங்களுக்கு இது ஆகாது. குழப்பத்த ஏத்தும். ஏற்கெனவே இவருக்கு மாதிரி ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கியிருந்தா மூத்திரத்த அடியோட அடைச்சிடும். இனிமே வேணாம். இந்த இன்னொண்ணு பிரஷருக்கு, நீர் போகற மாத்திரை. எப்போ தர்றீங்க?"

"காலீல ஒண்ணு, ராவுல ஒண்ணு."

"ராத்திரி நீர் மாத்திரை குடுத்துட்டு ராத்திரி எழுந்துக்கறார்னு சொல்றீங்க. ரெண்டாவத மதியத்துக்குள்ள முடிச்சிடுங்க. தலை டாக்டர்கிட்ட, பிரஷர் டாக்டர்கிட்ட இந்த மாத்திரை எல்லாத்தையும் ஒண்ணா காட்டினீங்களா?"

அவர்கள் கேட்டதில்லை. ஒருவர் கொடுப்பதை இன்னொருவர் ஏறிட்டுப் பார்ப்பதே தங்கள் படிப்புக்கு இழுக்கு என்று நினைத்திருந்தார்கள்போல.

அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். நான் மாத்திரை அட்டையை மருந்துக்கடைக்காரர் கையில் கொடுத்து, டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முதல்முறையாகப் பார்ப்பதுபோல்.

"நல்லதுக்குத்தான தங்கச்சி குடுத்தேன்."

"உங்க கடைல இனிமே சோப்பு வித்துகினு இருங்கண்ணே. அதுல ஒண்ணும் ஆவாது."

"அண்ணி, பெரியவங்கள அப்டி பேசாத" என்றாள் நாத்தனார். சற்று நேரம் அண்ணன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, உண்மையாகவே வருத்தத்தோடு கேட்டாள்: "அப்போ எங்கண்ணன் டூட்டிக்குப் போவலியா அண்ணி? மூத்திரந்தானா?"

அவளுக்கு அண்ணன் வேதனை தீர்ந்ததைவிடக் கதை போனதுதான் பெரிய நஷ்டம். பிள்ளை வந்து அப்பாவின் காலடியில் வெகுநேரம் நின்றான். போனை எடுத்தான். நான் பார்த்த பார்வையில் மறுபடி பையில் வைத்துவிட்டான்.

பிறகு ப்ராஸ்டேட்டுக்கு ஆபரேஷன் நடந்தது. அது முடிந்த கையோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். புது இடம், மயக்க மருந்து, கை கால் கட்டியதுபோல் குழாய்கள். சில நாள் ஆளே அடையாளம் தெரியாமல் கூச்சல் போட்டார். என்னை நர்சம்மா என்று கூப்பிட்டவர் வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே கூப்பிடுகிறார். மறதி நோய் அதன்பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கிறது. அது தீராது என்று எனக்குத் தெரியும், யாரும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தூங்குகிறார். இடையில் எழுந்தால் பாத்ரூமுக்கு அழைத்துப் போகிறேன், வந்து படுத்துவிடுகிறார். பகலில் நாற்காலியில் சரிய விடுவதில்லை. வெயில் தாழ்ந்ததும் கடற்கரைப் பாறைகள் பக்கம் நடக்க வைக்கிறேன். தூரக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களைப் பார்ப்பார். அவை கப்பல் என்று தெரிகிறதா என்று நான் கேட்பதில்லை.

மூளை டாக்டரிடம் அடுத்த முறை போனபோது நடந்ததை எல்லாம் சொன்னேன். "ஓ, குட்" என்றார். தட்டினார். அவர் என்ன தட்டினார் என்று எட்டிப் பார்த்தேன். 'தூக்கம் மேம்பட்டுள்ளது' என்ற பொருளில் இங்கிலீஷில் ஒரு வரி. அவர் கொடுத்த மூன்றாவது மாத்திரையால் மேம்பட்டது என்றுதான் அடுத்தவர் படிப்பார். அந்த மூன்றாவதை நிறுத்தச் சொன்னேன். தயங்கினார். நான் எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்.

போன மாதம் திடீரென்று சோற்றைத் துப்ப ஆரம்பித்தார். வாயருகே ஸ்பூனைக் கொண்டுபோனாலே தட்டிவிட்டார். பிள்ளை போனில், "விழுங்கறதே மறந்துடுவாங்களாம்மா, கடைசி ஸ்டேஜ்ல. படிச்சேன்" என்றான். சங்கச் செயலாளர் கண்ணை மூடித் தலையாட்டினார். நாத்தனார் அழத் தயாராக இருந்தாள்.

நான் அவரை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, வாயைத் திறக்க வைத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்பல் ஒன்று பாதியாக உடைந்து, கூர்முனை கன்னத்தின் உள்பக்கத்தைக் கிழித்துப் புண்ணாக்கியிருந்தது. பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் ஃபைலைப் புரட்டி, மறதி நோய் என்ற வரியில் விரலை வைத்து, "இந்த நிலைமையில எதுக்குமா இவருக்கு சிரமம்?" என்றார்.

"சிரமம் அவருக்கு ஏற்கெனவே கீது சார். நீங்க எடுத்துடுங்க."

"ஒத்துழைக்க மாட்டார்."

"நான் புடிச்சிக்கறேன்."

மற்ற நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்றார். நானும் காத்திருக்கிறேன் என்று சொல்லிக் கதவை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே போகிற ஒவ்வொருவரும் என் முழங்காலைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. சற்று நேரத்தில் அவரே கூப்பிட்டார். மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். என் வீட்டுக்காரர் தலையை நான் என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். ஒரு முறை திமிறினார், அதோடு சரி. பல் வந்துவிட்டது.

இரண்டு நாள் கஞ்சி கொடுத்தேன். மூன்றாம் நாள் மதியம் வஞ்சிர மீன் குழம்பில் சோற்றைக் குழையப் பிசைந்து வைத்தேன், முள்ளைப் பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டு. முழுத் தட்டையும் சாப்பிட்டார். பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தி, "நர்சம்மா, இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.